ட்ராக் டேக்கு போலோ, ட்ரிஃப்ட்டுக்குப் பழைய பிஎம்டபிள்யூ: காசை முதலில் எதில் போடுவது?

போலோ_ஓட்டி

வணக்கம் அண்ணன்மாரே. என்னிடம் இருப்பது 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), ஆறு கியர் மேனுவல், முழுக்க ஸ்டாக், கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் அடுத்து நடக்கும் ட்ராக் டேயில் (சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்ட விடும் நாள்) ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒன்றரை லட்சம் வரை ஒதுக்க முடியும். நண்பர்கள் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றிப் பலம் கூட்டுவது), டவுன்பைப் (டர்போவை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்), பெரிய வீல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்னொரு ஆசையும் உண்டு, ட்ரிஃப்ட் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே வண்டியை இரண்டுக்கும் தயார் செய்ய முடியுமா? தினமும் அலுவலகம் போய்வருவதும் இதில்தான்.

மூன்றாம்_கியர்

தம்பி, ட்ரிஃப்ட் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். போலோ முன்சக்கரம் இழுக்கும் வண்டி. ட்ரிஃப்ட் என்றால் இன்ஜின் பலத்தால் பின்சக்கரம் பிடியை விட வேண்டும், விட்டபிறகு ஆக்சிலரேட்டரையும் எதிர்ப்பக்கம் திருப்பிய ஸ்டியரிங்கையும் வைத்து வண்டியைப் பக்கவாட்டிலேயே நிறுத்தி ஓட்ட வேண்டும். உன் வண்டியில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின்பக்கம் ஒரு வீச்சு வீசும், அவ்வளவுதான், ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் முன்சக்கரம் வண்டியை இழுத்து நேராக்கிவிடும். ஆகவே போலோ ட்ராக்குக்கு மட்டும். அதற்கு அது நல்ல வண்டி, 2010 முதல் நம் நாட்டில் போலோவுக்கென்றே தனிப் பந்தயத் தொடர் நடந்திருக்கிறது.

இப்போது காசு. முதல் ரூபாய் பிரேக்குக்கு, ரீமேப் கடைசியில். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். ஆளோடு சேர்த்து 1,150 கிலோ வண்டி 160-இல் வந்து வளைவுக்காக 80-க்கு இறங்கினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 8.5 லட்சம் ஜூல். ஊருக்குள் 50-இல் வந்து சிக்னலில் முழுதாக நிற்கும்போது 1.1 லட்சம் ஜூல்தான். ட்ராக்கில் ஒரே ஒரு பிரேக்கிங், ஏழெட்டு சிக்னலுக்குச் சமம். அடுத்த சிக்னல் வருவதற்குள் டிஸ்க் ஆறிவிடும், ட்ராக்கில் அடுத்த வளைவு சில நொடிகளில் வந்துவிடும். அந்தச் சூடு பேடிலிருந்து (டிஸ்க்கை அழுத்தும் பட்டை) அதைப் பிடித்திருக்கும் கேலிப்பருக்குப் போய், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்குப் போகும்.

சாதாரண டாட் 4 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அப்படி ஈரம் ஏறியபிறகு தரப்படி 155 வரை இறங்கலாம். சென்னைக் காற்றின் ஈரத்தில் இரண்டு மூன்று வருடம் மாற்றாமல் ஓடிய வண்டி என்றால் யோசித்துப் பார். கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழி, குமிழியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. பெடல் மெத்தென்று இறங்கித் தரையைத் தொடும், வண்டி நிற்காது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரியான பந்தய டாட் 4 ஆயில் புதிதில் 312 டிகிரி வரை தாங்கும். ஒரு லிட்டர் வாங்கிப் பழையதை முழுக்க வெளியேற்றி நிரப்பு. இதைவிட மலிவாக இதைவிடப் பெரிய வித்தியாசம் தரும் வேலை ஒரு ட்ராக் வண்டியில் கிடையாது. டாட் 5 என்று போட்டிருப்பதை மட்டும் வாங்காதே, அது சிலிக்கான், உன் வண்டிக்கு ஒத்துவராது. 5.1 வேறு, அது பரவாயில்லை.

அடுத்து முன் பேட். கம்பெனிப் பேட் சூடேறினால் கடிக்காது. இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனி, பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் போனது பேட், பெடல் இறங்கினால் போனது ஆயில். ட்ராக்குக்கும் ரோட்டுக்கும் நடுத்தரமான பேட் ஒரு செட் போடு. முழுப் பந்தயப் பேட் வேண்டாம், காலையில் அலுவலகம் போகும்போது அது குளிர்ந்து கிடக்கும், முதல் சிக்னலில் சரியாகப் பிடிக்காது.

டர்போ_விசில்

பிரேக் முக்கியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரீமேப்பைக் கடைசியில் வை என்பதை ஏற்க மாட்டேன். 110 பிஎஸ் (குதிரைத்திறன்) வண்டியில் வளைவைவிட்டு வெளியே வரும்போது இழுவை கூடினால் ஓட்டுகிற சுகமே வேறு. ட்ராக் டே என்பது ஆனந்தத்துக்குத்தானே, லேப் (ஒரு சுற்று) நேரத்துக்கு மட்டுமா?

மூன்றாம்_கியர்

சுகம் உண்டு, மறுக்கவில்லை. என் கவலை சூடு. ரீமேப் செய்த சின்ன டர்போ இன்ஜினை 38 டிகிரி வெயிலில் இருபது நிமிடம் முழுமூச்சாக ஓட்டினால் உள்ளே போகும் காற்று சூடாகிக்கொண்டே போகும், இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே பலத்தைக் குறைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் நான்காவது லேப்பில் காணாமல் போகும். அதோடு நேர்ப்பாதை முடிவில் வேகம் கூடினால் பிரேக்குக்கு இன்னும் சுமை. முதலில் ஸ்டாக் பலத்தோடு ஓட்டட்டும். முழு ஆக்சிலரேட்டரில் எங்கே பலம் போதவில்லை என்று அவனுக்கே தெரிய வரும்போது ரீமேப் செய்யட்டும், அதுவரை அந்தக் காசு டயரில் இருக்கட்டும்.

செட்டிப்பாளையம்காரன்

நான் ஓட்டுவது பெரும்பாலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில். 2.1 கிலோமீட்டர்தான், இருங்காட்டுக்கோட்டையின் 3.7-ஓடு ஒப்பிட்டால் சின்னது, ஆனால் பிரேக் ஆற இடைவெளியே தராது, அதனால் மேலே அண்ணன் எழுதியது இங்கே இன்னும் பொருந்தும்.

நான் டயர் பற்றிச் சொல்கிறேன். முதல் தடவைக்கு டயர் வாங்காதே. இருக்கிற டயர் நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே ஓட்டு. சாதாரண டயர் பிடியை விடும்போது கீச்சிட்டுச் சொல்லிவிட்டுத்தான் விடும், கற்றுக்கொள்ள அதுதான் நல்லது. யோகோஹாமா ஏ052, டோயோ ஆர்888ஆர் மாதிரி செமி ஸ்லிக் (பந்தய டயருக்கு நெருக்கமான டயர்) எல்லாம் இறக்குமதி விலை. பிடி அதிகம், ஆனால் விடும்போது புதியவருக்கு எச்சரிக்கை குறைவு. சக்கரத்தைப் பெரிதாக்குவது வீண் வேலை, எடை கூடும், டயர் விலையும் கூடும்.

காற்றழுத்தம்தான் இலவசமாகக் கிடைக்கும் மாடிஃபிகேஷன். டயர் உள்ளே 5.5 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். காலையில் 33 வைத்துக்கொண்டு போனால் சில லேப்பில் 39, 40 என்று நிற்கும், டயர் நடுவில் உப்பி, வண்டி பனியில் ஓடுவதுபோல் வழுக்கும். பிட்டுக்கு (தடத்தின் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்த உடனே, சூடு ஆறுவதற்குள், சொந்தக் காற்றழுத்தக் கேஜில் நான்கையும் பார்த்து இறக்கு. சூட்டில் 34, 35 என்று தொடங்கி உன் டயருக்கு எது சரி என்று கண்டுபிடி. எப்படிக் கண்டுபிடிப்பது? டயரின் ஓரத்தில், ட்ரெட் (தரையைத் தொடும் பகுதி) முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடு. ஓட்டிவிட்டு வந்து பார். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்கி ஓடுகிறது, காற்று போதாது. ட்ரெட்டின் ஓரத்தில் கூட அழியவில்லை என்றால் காற்று அதிகம். பெரும்பாலான டயரில் அந்த இடத்தில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும், அழிவு அதன் முனையோடு நிற்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது பழைய அளவுக்குக் காற்று அடிக்க மறக்காதே.

முன்டயரின் வெளி ஓரம் மட்டும் உருண்டு தேய்ந்தால் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) போதாது என்று அர்த்தம். போலோவில் முன் கேம்பரைத் தேவைக்குத் திருப்பி வைக்க வசதி இல்லை, கேம்பர் போல்ட்டோ மேல் மவுன்ட்டோ போட வேண்டும். அதெல்லாம் இரண்டாம் கட்டம்.

போலோ_ஓட்டி

ரொம்ப நன்றி அண்ணா, ரீமேப் இப்போதைக்கு இல்லை. ட்ரிஃப்ட்டுக்குத் தனி வண்டி என்றால், பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஈ90 இப்போது விலை இறங்கிக் கிடக்கிறது. அது சரியா? இல்லை கான்டெஸா, பத்மினி மாதிரி பழைய பின்சக்கர வண்டியா?

லேத்_பட்டறை

பத்மினி, அம்பாசிடர், கான்டெஸா எல்லாம் பின்சக்கர வண்டிதான், ஆனால் பின்சக்கரத்தைச் சுழற்றப் பலம் போதாது, பாகம் தேடி அலைய வேண்டும், நல்ல நிலையில் இருப்பதை இதற்காக வெட்டுவதும் மனசுக்குக் கஷ்டம். ஈ90 நம் ஊர் வண்டி, 2007-இல் மறைமலைநகர் பக்கம் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை தொடங்கியபோது அங்கே பூட்டியது 3 சீரிஸைத்தான்.

ஆனால் பார்த்து வாங்கு. இங்கே வந்தவை பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். அதில் கிளட்சை உதைத்து டயரை விடுவிக்கும் வித்தை கிடையாது, ஆரம்பத்துக்கு அது பெரிய குறை இல்லை. ஹேண்ட்பிரேக் கையால் இழுக்கும் லீவர்தான், அது நல்லது. 325i எடுத்தால் வாட்டர் பம்ப் எலக்ட்ரிக், முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும், மாற்றிய ரசீது இல்லாவிட்டால் முதல் வேலை அதுதான். கூலண்ட் டேங்க் பிளாஸ்டிக், பழையதானால் தையலில் வெடிக்கும். அதற்கு முந்தைய 3 சீரிஸான ஈ46 யாராவது தந்தால் பின் சீட்டுக்கு அடியில், பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம் பூட்டும் இடத்தில் தகடு கிழிந்திருக்கிறதா என்று லிஃப்ட்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. அது அந்த மாடலுக்கே உள்ள பலவீனம், ட்ரிஃப்ட்டில் இன்னும் சீக்கிரம் கிழியும்.

ஜொகூர்_சிஃபிரோ

வணக்கம், மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்களுக்கு ட்ரிஃப்ட் காடி (காரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) என்றால் பழைய நிசான் சிஃபிரோ ஏ31, டொயோட்டா கேஈ70, பிஎம்டபிள்யூ ஈ36. ஏ31-க்கு ஒரு வசதி, சில்வியா எஸ்13, ஸ்கைலைன் ஆர்32 இரண்டோடும் சஸ்பென்ஷன் பாகங்கள் பல ஒத்துப்போகும், ஜப்பானிலிருந்து வரும் பழைய பாகத்தை எடுத்துப் பூட்டலாம்.

தம்பி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ட்ராக்குக்கு வைக்கும் செட்டப்பும் ட்ரிஃப்ட்டுக்கு வைக்கும் செட்டப்பும் ஒன்றுக்கொன்று எதிர். ட்ராக்கில் நான்கு டயரும் பிடிக்க வேண்டும். ட்ரிஃப்ட்டில் முன்டயர் உயிரைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும், பின்டயர் வழுக்கினாலும் முன்னே தள்ள வேண்டும். அதனால் நல்ல டயர் முன்னால், தேயப்போகும் மலிவு டயர் பின்னால். முன் கேம்பர் மைனஸ் 3 அல்லது 4, ஏனென்றால் ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் முழுக்கத் திரும்பி நிற்கும்போதுதான் அந்த டயர் தரையில் தட்டையாக உட்கார வேண்டும். பின் கேம்பர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். காஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம், 7 டிகிரி, முடிந்தால் இன்னும் கூட. காஸ்டர் நன்றாக இருந்தால் பின்பக்கம் வீசும்போது ஸ்டியரிங்கைக் கையில் தளர்வாக விட்டாலே அது தானாகச் சுழன்று எதிர்ப்பக்கம் ஓடும், நீங்கள் சரியான இடத்தில் பிடித்தால் போதும். முதல் முறை கையில் அதை உணரும்போது எல்லாம் விளங்கிவிடும்.

அடுத்து ஸ்டியரிங் திரும்பும் அளவு. கம்பெனிக் காடியில் சக்கரம் 35 டிகிரி சுமாருக்குத்தான் திரும்பும். பின்பக்கம் அதைத் தாண்டி வீசினால் பிடிக்க வழியில்லை, சுற்றிவிடும். போட்டிக் காடிகள் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை மாற்றி 60-க்கு மேல் கொண்டுபோகின்றன. ஆரம்பத்தில் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் ஸ்பேசர் போட்டுச் சில டிகிரி கூட்டினாலே போதும், ஆனால் டயர் உள்ளே எதையும் உரசவில்லை என்று முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். முக்கியமாக, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். பவர் ஸ்டியரிங் ஆயிலும் கொதிக்கும், ட்ரிஃப்ட்டில் ஸ்டியரிங் ஓயாது. சின்ன கூலர் ஒன்று போட்டால் பம்ப் பிழைக்கும்.

இங்கே ரோட்டில் ஓட்டும் காடியை இப்படி வெட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிக்கும், அதனால் ட்ரிஃப்ட் காடியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவோம்.

லேத்_பட்டறை

டிஃபரன்ஷியல் (பலத்தை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரிக்கும் கியர் அமைப்பு) பற்றி எழுத விட்டுவிட்டார் அண்ணன். ஸ்டாக் ஓபன் டிஃப்பில் பலம் எளிதாகச் சுழலும் சக்கரத்துக்கே ஓடும், உள்பக்கச் சக்கரம் மட்டும் சுழன்று புகையும், வண்டி ட்ரிஃப்ட்டில் நிற்காது. நல்ல வழி 1.5 வே அல்லது 2 வே எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் சுழலாமல் கட்டுப்படுத்தும் டிஃப்), விலை அதிகம். மலிவான வழி உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியர்களை வெல்ட் அடித்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடுவது. உலகம் முழுக்கப் பழகுகிறவர்கள் செய்வதுதான்.

அடிக்கிறவர் கைப்பக்குவம் முக்கியம். கியர் இரும்பில் எண்ணெய் ஊறியிருக்கும், பெட்ரோலோ தின்னரோ ஊற்றிக் கழுவிக் காற்றடித்து, ஈரம் முழுக்கக் காய்ந்தபிறகுதான் பக்கத்தில் தீயைக் கொண்டுவர வேண்டும். கெட்டி இரும்பு, கேஸால் சூடேற்றாமல் அடித்தால் வெல்ட் மேலே ஒட்டினதுபோல் இருந்து முதல் நாளே பொடியாக உதிரும், உதிர்ந்த துண்டு கிரவுன் வீலில் சிக்கினால் மொத்தமும் போச்சு. பேரிங் இருக்கும் முகத்தை நனைத்த துணியால் மூடு, தெறிக்கும் பொறி அங்கே விழக்கூடாது. அடித்துமுடித்து மெதுவாக ஆறவிடு, தண்ணீர் ஊற்றாதே. கொஞ்சம் ஓட்டியபின் டிஃப் ஆயிலை ஒருமுறை மாற்று, வடியும் ஆயிலில் இரும்புத்தூள் எவ்வளவு என்று காந்தம் வைத்துப் பார்.

வெல்ட் அடித்த வண்டியை ரோட்டில் ஓட்டாதே. பார்க்கிங்கில் திருப்பும்போதே பின்டயர் கீச்கீச்சென்று தத்தித் தத்திப் போகும், ஆக்சில் ஷாஃப்ட்டுக்கு ஓயாத சுமை, மழை நாளில் சாதாரண வளைவில் கூடப் பின்பக்கம் வெளியே வரும்.

டர்போ_விசில்

ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்கை (கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயில் அழுத்தத்தால் பின்சக்கரத்தைப் பூட்டுவது) போலோவில் போடலாமா? ஜிம்கானா (கூம்புகளைச் சுற்றி ஓட்டுவது) மாதிரி ஓட்டினால் பயன்படுமே.

மூன்றாம்_கியர்

போலோ மாதிரி முன்சக்கர வண்டிகளில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும், முன் இடதும் பின் வலதும் ஒரு லைன், மற்ற இரண்டும் இன்னொன்று. பின்னால் போகும் இரண்டு பைப்பையும் தனித்தனியாகக் கையாளாமல் ஒன்றாகச் சேர்த்தால், ஒரு லைன் போனாலும் மற்றது காப்பாற்றும் ஏற்பாட்டையே அழித்துவிடுவாய். தினசரி ஓட்டும் வண்டியில் தொடாதே. பின்சக்கர பிஎம்டபிள்யூவில் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று பிரிந்திருப்பதால் அங்கே நேராகப் போடலாம், ஏபிஎஸ்ஸை என்ன செய்வது என்று முடிவெடுத்தபிறகு.

கோப்புக்கட்டு

யாரும் காகித விஷயத்தைத் தொடவில்லை. நம் ஊர் கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி ட்ரயல் எல்லாம் காப்பீட்டுக்கு வெளியே என்று பயன்பாட்டு வரம்பிலேயே எழுதியிருக்கும். ட்ராக்கில் சுவரில் இடித்தால் சொந்தக் காசு. வண்டிக்கு லோன் பாக்கி இருந்தால் இருமுறை யோசி. அடுத்தது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. பேட், ஆயில், டயர் எல்லாம் தேய்ந்து மாற்றும் பொருள், சிக்கல் வராது. சத்தமான எக்ஸாஸ்ட், வெட்டிய பாடி, ரோல் கேஜ் (உள்ளே பூட்டும் பாதுகாப்புக் கூண்டு) எல்லாம் ட்ராக்குக்கு ஏற்றிப்போகும் வண்டிக்கு.

இன்னொன்று, ஈசிஆரிலோ ஓஎம்ஆரிலோ ராத்திரியில் பழகலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதே. அங்கே ரோட்டைக் கடப்பவருக்கு நீ பழகுவது தெரியாது.

போலோ_ஓட்டி

இல்லை அண்ணா, அந்த எண்ணமே கிடையாது. பக்கெட் சீட்டும் நான்கு முனை பெல்ட்டும் போடலாமா? வளைவில் சீட்டில் வழுக்குகிறேன்.

செட்டிப்பாளையம்காரன்

இப்போது வேண்டாம். வண்டி உருண்டு கூரை அமுங்கினால் சாதாரண பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் இருக்கும். நான்கு முனை பெல்ட் உன்னை நிமிர்ந்தபடியே கட்டிவைக்கும், மேலே ரோல் பார் இல்லை என்றால் கூரையைத் தாங்குவது உன் தலை. அது மட்டுமல்ல, தொடைக்கு நடுவே வரும் பட்டை இல்லாத பெல்ட்டில் இடிக்கும்போது இடுப்புப்பட்டை வயிற்றுக்கு ஏறி உடம்பு அடியில் நழுவும். பெல்ட், பக்கெட் சீட், ரோல் பார் மூன்றும் சேர்ந்து ஒரு செட், ஒன்றை மட்டும் போடாதே. வழுக்காமல் இருக்க, சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிப் பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பூட்ட வை, பிறகு சீட்டை முன்னால் கொண்டுவா, இடுப்பு இறுகிவிடும். இடது காலை கிளட்சுக்குப் பக்கத்தில் கால் வைக்கும் டெட் பெடலில் ஊன்று.

ஹெல்மெட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. கார் ஓட்ட ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ தரக் குறி உள்ளது நல்லது, பைக்குக்கான எம் குறியில் தீ தாங்கும் உள்துணி சோதனை கிடையாது. உன் நிகழ்ச்சியில் எதை ஏற்கிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்.

போலோ_ஓட்டி

பேட், ஆயில், ஹெல்மெட், நல்ல காற்றழுத்தக் கேஜ், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர்) வாங்கி வைத்துவிட்டேன், பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மிச்சம். ஈ90 அடுத்த வருடம் பார்க்கலாம். அன்றைக்குக் காலையிலிருந்து என்ன வரிசையில் செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாம்_கியர்

மிச்சம் இருப்பதை வைத்துக்கொள், இரண்டாவது ட்ராக் டேக்குக் கட்டணமாகக் கட்டு. அதைவிட நல்ல மாடிஃபிகேஷன் எனக்குத் தெரியவில்லை.

ட்ராக்குக்குப் போவதற்கு முன்பே பேடைப் பழக்கிவிடு. காலி ரோட்டில் 80-இலிருந்து 20 வரை முழுதாக நிற்காமல் திரும்பத் திரும்ப அழுத்தி, சூடேறியபின் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடு. புதுப் பேடை நேராக ட்ராக்கில் கொண்டுபோய் மிதித்தால் டிஸ்க்கில் திட்டுத்திட்டாகப் படிந்து ஸ்டியரிங் நடுங்கும். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை இருக்கட்டும், நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். பெட்ரோல் அரை டேங்குக்குக் குறையக்கூடாது, அதே காரணம்தான்.

பிட்டில் மேட், தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி, டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையார் வரை எல்லாவற்றையும் எடுத்து வெளியே வை. டிரைவர் பக்க மேட் மடங்கி பெடலுக்கு அடியில் போனால் அவ்வளவுதான். முன் இழுவைக் கொக்கியைத் திருகிப் பூட்டு. வீல் போல்ட் போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், ஓட்டும் முன் ஒருமுறை, முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியபின் இன்னொருமுறை.

முதல் செஷனில் யாரையும் துரத்தாதே. வேகமான வண்டி கண்ணாடியில் தெரிந்தால் கையைக் காட்டி வழிவிடு, உன் பாதையில் நேராகப் போ, அவர் தாண்டிக்கொள்வார். பிரேக்கை நேராக இருக்கும்போது பலமாக மிதி, வளைவுக்குள் போகும்போது மெதுவாக விடு. பெடல் கொஞ்சம் நீளமாக இறங்குவதுபோல் பட்டால் அதே லேப்பில் உள்ளே வந்துவிடு, இன்னொரு லேப் பார்க்கலாம் என்று நினைக்காதே.

கடைசி லேப் முழுக்க பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வா. நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதே, பின் டிரம் சூட்டில் ஒட்டிக்கொள்ளும், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடு. டர்போ ஆற இன்ஜினை ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணை. பானெட்டைத் திறந்து வை. உடனே கேஜை எடு.

போலோ_ஓட்டி

கட்டை வாங்கவில்லை அண்ணா. மரக்கட்டை போதுமா?

லேத்_பட்டறை

போதும். 4 அங்குலச் சட்டத்தை ஆப்பு மாதிரி சாய்வாக அறுத்து இரண்டு எடுத்துக்கொள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மரக்கடையில் சொன்னால் அறுத்தே தருவார்கள்.